மணிக்கம்பி

பொழுது விடிந்ததா இல்லையா என்று எங்கள் லைன் வீடுகளில் யாருக்காவது சந்தேகம் வந்தால், என் பக்கத்து வீட்டுச் சத்தத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். "எழுந்திரிக்கிறியாய்யா, இல்ல பானையோட தண்ணிய எடுத்துத் தலையில கவுக்கட்டுமா?" என்று அந்தப் பெண்பிள்ளை போடுகிற முதல் சத்தத்தில் கூரைத் தகரம் அதிரும். அதற்கப்புறம்தான் வேலைத்தளத்தில் சங்கு ஊதும். சங்குக்காரன் அவளிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் ஊதுகிறான் என்று கேலி பேசுவார்கள்.

நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். அந்த முறையில் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் எனக்குத் தெரியும். அத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் வழியாக மாப்பிள்ளையின் குரலை நான் கேட்டதே இல்லை. அவள்தான் பேசுவாள். சாப்பிடக் கூப்பிடுவதும் சண்டை மாதிரி இருக்கும், மழை வருகிறது என்று சொல்வதும் சண்டை மாதிரி இருக்கும். அவன் வாயில்லாப் பூச்சி. போட்டதைத் தின்பான், வேலைக்குப் போவான், வருவான். இப்படி ஒரு ராட்சசியிடம் மாட்டிக்கொண்டானே மனுஷன் என்று லைனே அவனுக்காக உச்சுக்கொட்டியது. நானும்தான் கொட்டினேன்.

மனசு மட்டும் தங்கம் அவளுக்கு. தனிக்கட்டை நான், பொங்கித் தின்கிறேனா பட்டினி கிடக்கிறேனா என்று பார்த்து, பருப்போ உருளைக்கிழங்கோ ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அதில் உப்பு மட்டும் கூடிப்போய் வாயில் வைக்க முடியாது. அதைச் சொல்கிற தைரியம் எங்கள் லைனில் எவனுக்கும் கிடையாது.

ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் வேலை டிரில் கம்பிகளுக்கு முனை அடிப்பது. பாறையைத் துளைக்கிற நீராவி டிரில்லில் மாட்டுகிற கம்பிகள் மழுங்கி மழுங்கி என் பட்டறைக்கு வரும். உலையில் பழுக்கக் காய்ச்சி, அடைகல்லில் வைத்து முனை அடித்து, தண்ணீரில் தோய்த்து அனுப்புவேன். காலையில் அனுப்பினது மத்தியானம் மழுங்கித் திரும்பி வரும். பாறைக்கும் எனக்கும் நடந்த சண்டை அது. பாறைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

பட்டறைக்கு நேர் எதிரே விஞ்சுக் கொட்டகை. அதுதான் மாப்பிள்ளையின் இடம். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கோபுரம், அந்தக் கரையில் ஒரு கோபுரம், இரண்டுக்கும் நடுவே கை தண்டிக்கு ஒரு இரும்பு வடம். வடத்தின் மேல் ஒரு வண்டி ஓடும், வண்டியிலிருந்து கொக்கி தொங்கும். சுண்ணாம்புக் கலவைத் தொட்டி, செதுக்கின கல், இரும்பு உத்தரம் எல்லாம் அந்தக் கொக்கியில் தொங்கிக்கொண்டுதான் அணைக்கு அஸ்திவாரம் தோண்டின பள்ளத்துக்குப் போகும். அதையெல்லாம் ஏற்றி இறக்குவது கொட்டகைக்குள் இருக்கிற நீராவி விஞ்சு. ஆள் உயரத்துக்கு உருளைகள், கக்கலும் இரைச்சலுமாக ஆவி, கரி, எண்ணெய். நடுவில் ஒரு பலகை ஆசனம். அதில் உட்கார்ந்து இரண்டு கையில் இரண்டு நெம்புகோல், காலில் பிரேக்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே உட்கார்ந்தால் பள்ளம் தெரியாது. எதிரே தெரிவது என் பட்டறையும் என் மூஞ்சியும்தான். பள்ளத்தின் விளிம்பில் ஒரு காவல் மேடை. மேடைக்காரன் கீழே பார்த்துக்கொண்டே ஒரு கம்பியை இழுப்பான். அந்தக் கம்பி கம்பத்துக்குக் கம்பம் சின்னச் சின்ன உருளைகளின் மேல் ஓடிவந்து கொட்டகைக்குள் ஒரு வெண்கல மணியை அடிக்கும். ஒரு தடவை அடித்தால் நிறுத்து. இரண்டு தடவை தூக்கு. மூன்று தடவை இறக்கு. நகர்த்துவதற்கு நீட்டி இழுப்பார்கள். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு எனக்கே அது பாடம். டிரைவருக்குக் கண் அந்த மணிதான்.

மாப்பிள்ளையைப் போல விஞ்சு ஓட்ட அங்கே ஆள் இல்லை. வேறு டிரைவர்கள் தொட்டியைச் சுவரில் மோதியிருக்கிறார்கள், ஒருவன் கல்லையே கைவிட்டிருக்கிறான். இவன் இறக்கினால் முட்டையை வைத்தமாதிரி இருக்கும். ஆசனத்துப் பக்கத்தில் இறங்குகிற மணிக்கம்பியில் இடது தோளைச் சாய்த்துக்கொண்டு உட்காருவான். களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறான் என்று நினைப்பேன். அவன் சட்டையில் அந்த இடம் மட்டும் நைந்து கிழிந்திருக்கும். அவள் அதற்கும் ஒரு பாட்டம் திட்டுவாள்.

ஓய்வு நேரத்தில் நான்தான் அவனிடம் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். மேஸ்திரியின் அக்கிரமம், டிரில் கம்பியின் அக்கிரமம் எல்லாம் சொல்வேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவான். நான் சொல்வதைக் கடைசிவரை கேட்கிற ஒரே மனுஷன் இவன்தான் என்று எனக்குப் பெருமை.

தங்கச்சியின் தம்பி ஒருவன் அந்த வீட்டிலேயே இருந்தான். நெட்டையன் என்று கூப்பிடுவோம். மாப்பிள்ளைதான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டது. பள்ளத்தில் நின்று, மேலிருந்து வருகிற பாரத்தைக் கையால் பிடித்துத் திருப்பி இடத்தில் உட்காரவைப்பது அவன் வேலை. தலைக்கு மேல் வருவதை நம்பி நிற்கிற வேலை. "எங்க மாமா மேல உக்காந்திருக்கிறப்ப எனக்கென்ன?" என்பான். அக்காவின் வாய்தான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் பேசுவதைக் கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, மாமா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்கிறாரா பாருங்கள் என்று என் பட்டறையில் வந்து புலம்புவான். கல்யாணமாகாத ஆட்கள் தங்குகிற கொட்டகைக்கு மாறிவிடப் போவதாக அவளிடமே சொல்லிவிட்டான். "போயேன். எவன் உனக்கு ஆக்கிப் போடுறான்னு பாக்கறேன்" என்று அவள் கத்தினதும் எனக்குக் கேட்டது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. எங்கள் பக்கம் வெயில்தான். ஆனால் மேலே மலையில் இறங்கிவிட்டது என்று ஆற்றைப் பார்த்தாலே தெரிந்தது. தண்ணீர் செம்மண் நிறமாகி, வேரோடு பிடுங்கின செடிகளை இழுத்துக்கொண்டு வந்தது. பள்ளத்துக்குள் தண்ணீர் வராமல் ஆற்றைத் தள்ளிவைத்திருந்தது ஒரு தற்காலிக மண்ணணை. அது உடைவதற்கு முன் அடிமதகில் இரும்புக் கதவைப் பொருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருஷ வேலை சேறாகிவிடும். இன்ஜினியர் தூங்கவில்லை, மேஸ்திரியைத் தூங்கவிடவில்லை, மேஸ்திரி எங்களைத் தூங்கவிடவில்லை.

கதவு என்றால் வீட்டுக் கதவு இல்லை. ஒரு வீட்டின் சுவர் அகலத்துக்கு வார்ப்பிரும்பு. இரண்டு பக்கமும் கல்லில் வெட்டின நீளக் காடியில் அதை மேலிருந்து இறக்கி நுழைக்க வேண்டும். காடிக்கும் கதவுக்கும் விரல் நுழைகிற இடைவெளிதான். கீழே நாலைந்து பேர் நின்று, இந்த ஓரம் அந்த ஓரம் என்று கையால் பிடித்துத் திருப்பித் திருப்பி நுழைப்பார்கள். அப்போது மேடைக்காரன் நிறுத்து என்றால் டிரைவர் நிறுத்த வேண்டும். ஒரு சாண் கூடுதலாக இறங்கிவிட்டால் கீழே இருக்கிறவன் கை இருக்காது, ஆளே இருக்க மாட்டான்.

அன்றைக்கு மத்தியானச் சங்குக்கு முன்னாலேயே மின்சாரக்காரர்கள் இரண்டு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். பழைய மணிக்கம்பி வெயிலுக்கு நீண்டு தொய்கிறது, இந்தக் கதவு வேலைக்கு அதை நம்ப முடியாது என்று இன்ஜினியர் புது ஏற்பாடு செய்துவிட்டார். சுவரின் உச்சியில் கிண்ணம் மாதிரி ஒரு மின்சார மணி. மேடையில் ஒரு பொத்தான். அமுக்கினால் இங்கே கணகணவென்று அடிக்கும். சாப்பாட்டு வேளையில் இணைப்புக் கொடுத்துவிட்டுப் பழைய கம்பியைக் குறட்டால் நறுக்கென்று வெட்டினார்கள். அறுந்த முனை சுருண்டுபோய் ஆசனத்துப் பக்கத்தில் தொங்கியது. மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். புதுசு வந்தால் சந்தோஷப்படாத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் என் ரொட்டியைத் தின்றேன்.

தின்று முடிக்கவில்லை. "அண்ணே" என்று யாரோ கூப்பிட்டார்கள். குரலை வைத்து யாரென்று தெரியவில்லை. திரும்பினால் தங்கச்சி நிற்கிறாள், கையில் சாப்பாட்டுத் தூக்கு. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"கம்பிய வெட்டிட்டாங்களாமே? தம்பிக்குச் சாப்பாடு குடுக்கப் போனேன். புது மணி வந்துடுச்சுன்னு அவன் சந்தோஷமா சொல்றான்."

"ஆமா, வெட்டியாச்சு. அதுக்கென்ன இப்ப?"

"உங்க மாப்ளைக்குக் காது கேக்காதுண்ணே."

நான் முதலில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பெண்டாட்டி பேச்சு எந்தப் புருஷனுக்குக் காதில் விழுகிறது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

தூக்கை என் அடைகல்லின் மேல் வைத்துவிட்டு அவள் சொன்னாள். விஞ்சுக்கு வருவதற்கு முன்னால் அவன் சுரங்கத்துக்குள் நீராவி டிரில் பிடித்தவன். அந்த இரைச்சலில் அப்போதே காது போக ஆரம்பித்துவிட்டது. முதலில் கத்தினால் கேட்டது. போகப் போகக் கத்தினாலும் கேட்கவில்லை. வாயசைவைப் பார்த்துத்தான் எல்லாம் புரிந்துகொள்கிறான். மணியை அவன் காதால் கேட்டதே கிடையாது. கம்பி இழுபடுகிறபோது தோளில் சுண்டும். அதைத்தான் எண்ணிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். இது தம்பிக்குக்கூடத் தெரியாதாம்.

"அப்ப நீ எதுக்கு இன்னும் தினம் தொண்டை கிழியக் கத்துற?"

"கத்துனாதான் வாய் பெருசா அசையும், அவருக்குப் புரியும். திடீர்னு நிறுத்துனா ஏன்னு கேக்க மாட்டாங்களா? டிரைவர் பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்றவன், டிரைவருக்குக் காது கம்மின்னு சொல்ல மாட்டான்ல. அந்தப் பேரு எனக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அவன் வாயே திறக்காததற்கும் அதுதான் காரணம் என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை கடைவீதியில் அவள் காதோடு ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் சொன்னது தெருக்கோடி வரை கேட்டதாம். அன்றைக்கு மூடின வாய்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை பேர் தலைக்கு மேல் அத்தனை பாரத்தையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கள்ளத்தனமா என்று கேட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் கையில் தப்பு வந்திருக்கிறதா சொல்லுங்கள் என்றாள். வந்ததில்லை. காது கேட்கிறவன்தான் கல்லைக் கைவிட்டான்.

"சரி, இன்னைக்கு என்ன செய்யப்போற? கம்பி போச்சு. கதவு இன்னைக்கு இறங்குது. கீழ நிக்கிறது உன் தம்பி. போய் மேஸ்திரிகிட்ட சொல்லிடு."

"சொல்லலாம். நாளைக்கே கிரஷருக்குத் தள்ளுவாங்க."

அது எனக்கும் தெரியும். கல் உடைக்கிற கிரஷரின் இரைச்சலில் காது உள்ளவனுக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் காது போனவர்களை எல்லாம் அங்கே அனுப்பி, அந்த இரும்பு வாய்க்குள் கல்லை அள்ளிப் போட வைப்பார்கள். டிரைவர் வீடும் போய்விடும். ஆற்றையே தன் இரண்டு கையில் வைத்திருந்தவன் மண்வெட்டி பிடித்துப் புழுதிக்குள் நிற்க வேண்டும்.

"அதுகூடப் பரவாயில்லண்ணே. ஆனா நான் போய்ச் சொன்னா அவரு என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு" என்றாள். "என் மூஞ்சியப் பாக்கலேன்னா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேக்காது."

நானே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்திருக்கவும் எழுந்தேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. அவள் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள், வீட்டுப் பக்கம் இல்லை, எதிரே கொட்டகைக்குள். மாப்பிள்ளை ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்குப் பின்னால் போய் நின்று இடது தோளில் கையை வைத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சுவரிலிருந்த புது மணியை ஒரு தடவை பார்த்தாள். அவன் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டான்.

மணி கணகணவென்று அடித்தது. இரண்டு தடவை. அவள் விரல் அவன் தோளில் இரண்டு தடவை அழுந்துவதை நான் என் வாசலில் இருந்து பார்த்தேன். அவன் நெம்பைத் தள்ளினான். உருளை சுற்ற ஆரம்பித்தது.

உலையில் கம்பி பழுத்து, வெளுத்து, பொறி கக்கி வீணாகிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அன்றைக்கு நான் ஒரு முனைகூட அடிக்கவில்லை. தளத்திலிருந்து கதவு மெல்ல எழும்பி, வடத்தில் தொங்கி, கருப்பாகப் பள்ளத்தின் பக்கம் நகர்ந்தது. காற்று வேறு கிளம்பியிருந்தது. மணி அடிக்கும், அவள் விரல் அழுந்தும், அவன் கை அசையும். அதற்குள் வியர்வையில் அவள் முதுகு நனைந்துவிட்டது.

மேஸ்திரி வந்தான். கொட்டகைக்குள் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். பொழுது விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மனுஷன் உட்கார்ந்திருக்கிறான், சாப்பாட்டு வேளையில் மணி மாட்டுகிறேன் என்று ஆளை எழுந்திருக்கவிடாமல் பண்ணினது யார், இவன் மயங்கி விழுந்தால் உன் பெண்டாட்டியா வந்து விஞ்சு ஓட்டுவாள், இந்தச் சோறு உள்ளே போகாமல் நான் நகரமாட்டேன் என்று பொரிந்து தள்ளினாள். பேச்சு மேஸ்திரியோடு, கை தோளில். நடுவில் மணி ஒரு தடவை அடித்தது. திட்டுவதை நிறுத்தாமலேயே ஒரு அழுத்து அழுத்தினாள். உருளை நின்றது. மேஸ்திரிக்கு அவள் வாய் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டான். தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன்.

கதவு காடிக்கு நேர் மேலே வந்து நின்றிருக்க வேண்டும். மணியை மூன்று தடவை அடித்து இறக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து இன்ஜினியரே வந்துவிட்டார், பின்னால் அதே மேஸ்திரி. புது மணி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தவர் அவளைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"அம்மா, வெளிய போங்க. இது நீங்க இருக்கக்கூடிய இடம் இல்ல."

அவள் அதே பாட்டை ஆரம்பித்தாள், சோறு, பட்டினி என்று. அவர் காதில் வாங்கவில்லை. வெளியே போங்கள் என்றார் மறுபடி. மேஸ்திரி அவளுக்கும் ஆசனத்துக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டான். அவள் கை தோளில் இருந்து எடுபட்டது.

சொல்கிறேன் கேளுங்கள், அவளுக்கு அப்போது முகத்தில் ரத்தமே இல்லை. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கதவு இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நெட்டையன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அதை வாங்கக் காத்துக்கொண்டிருப்பான்.

மாப்பிள்ளை ஆவியை அடைத்தான். பிரேக்கை மிதித்தான். பல்லுக் கொக்கியைத் தட்டி உருளையைப் பூட்டினான். எல்லாம் ஒரே மூச்சில். மணி யாரும் அடிக்கவில்லை. அவள் கை எடுபட்டது, அவன் நிறுத்திவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் மணி மூன்று தடவை அடித்தது. மறுபடி மூன்று தடவை. ஏன் நின்றுவிட்டது, இறக்கு என்று மேடைக்காரன் பொத்தானைப் பிடுங்கி எடுக்கிறான். மாப்பிள்ளை அசையவில்லை. மேஸ்திரி அவன் எதிரே போய், "இறக்குய்யா, மணி அடிக்குதுல்ல" என்று கையைக் கீழே காட்டினான்.

அப்போது அவனுக்கு வழி இருந்தது. அதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். உருளையில் சுற்றுகிற வடத்தில் வெள்ளைப் பூச்சால் அவன் போட்டுவைத்த அடையாளம் இருந்தது. கதவு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று குத்துமதிப்பாக அவனுக்குத் தெரியும். மேஸ்திரியே கையைக் காட்டுகிறான். நெம்பைத் தள்ளினால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. சரியாகவே இறங்கினாலும் இறங்கியிருக்கும். அவன் வடத்தைப் பார்த்தான், நெம்பைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"எனக்குக் காது கேக்காது" என்றான்.

அத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்து அவன் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். தகரக் கூரை அவள் குரலுக்கு அதிர்ந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை. மேடையில் இருந்தவன் கேட்டான், பள்ளத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள் என்று அப்புறம் சொன்னார்கள். "இந்த மணி எனக்குக் கேக்காது. பழைய மணியும் கேட்டதில்ல. கீழ என் மச்சினன் நிக்கிறான். நான் இறக்க மாட்டேன்."

மேஸ்திரி ஒரு அடி பின்னால் போய்விட்டான். இன்ஜினியர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுருண்டு தொங்குகிற மணிக்கம்பியைப் பார்த்தார். அதுவரை எப்படி ஓட்டினான் என்று அவளைக் கேட்டார். அவள் மெதுவாக, கம்பியும் தோளும், இன்றைக்குத் தன் கையும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கத்த வேண்டிய அவசியம் இனிமேல் அவளுக்கு இல்லை. நான் வாசலில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை.

கதவு அந்தரத்தில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மாற்று டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டான். எழுப்பிக் கொண்டுவந்தாலும் மதகுக் கதவு இறக்கினவன் இல்லை. இன்ஜினியர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"கையை வைங்கம்மா" என்றார்.

இப்போது ஒளிவு மறைவு இல்லை. கொட்டகை வாசலில் கரிக்காரன், எண்ணெய்க்காரன், மின்சாரக்காரர்கள், நான், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மணி மூன்று. விரல் மூன்று. ஒரு முழம் இறங்கும். மணி ஒன்று, விரல் ஒன்று, நிற்கும். ஒரு சாண். நிற்கும். நாலு விரல்கடை. நிற்கும். இரண்டு தடவை அடித்து மேலே தூக்கச் சொன்னார்கள். எங்கேயோ ஓரம் மாட்டியிருக்கிறது. தூக்கினான். இன்ஜினியர் மணியைப் பார்க்கவில்லை, அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மூன்று. ஒன்று. மூன்று. வெளியே முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. கடைசியில் வடம் மெல்லத் தொய்ந்தது. பாரம் தரையைத் தொட்டுவிட்டது. பள்ளத்திலிருந்து கூட்டமாக ஒரு சத்தம் எழும்பி வந்தது. அது அவனுக்குக் கேட்காது. அவள் தோளைத் தட்டி, தலையை ஆட்டினாள்.

இன்ஜினியர் அவன் முன்னால் போய் நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி நிதானமாகச் சொன்னார், நாளையிலிருந்து இந்தக் கொட்டகைக்கு வரவேண்டாம், கிரஷருக்குப் போ என்று. எனக்குப் பொறுக்கவில்லை. பழைய கம்பியை மறுபடி இழுத்துக் கட்டினால் என்ன, இத்தனை நாள் ஓட்டினவன்தானே என்று குறுக்கே விழுந்தேன். நடுவில் கம்பி அறுந்தால் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். மாப்பிள்ளை சரி என்று தலையாட்டினான். எழுந்திருக்கும்போது நெம்பின் பித்தளைப் பிடியைச் சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்தான்.

நெட்டையன் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான், இடுப்பு வரை சேறு. கீழே நிற்கும்போதே அவனுக்குக் கேட்டிருக்கிறது. வாசலில் நின்று அக்காவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகிறான் என்று மூக்கை உறிஞ்சியதில் தெரிந்தது. "போய்க் கைகாலைக் கழுவிட்டு வாடா. சாப்பாடு ஆறிப்போச்சு" என்றாள் அவள், மெதுவாக. ஆட்கள் கொட்டகைக்கு மாறுகிற பேச்சை அவன் அப்புறம் எடுக்கவில்லை.

அன்றைக்கு விளக்கேற்றின பிறகு மழை பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கட்டுகிற சத்தம். அதையும் மீறி மாப்பிள்ளையின் குரல். அடேயப்பா, எத்தனை வருஷத்துப் பேச்சு! கூரை ஒழுகுகிற இடம், சுரங்கத்தில் அவனோடு டிரில் பிடித்தவன் கதை, மச்சினனுக்குப் பெண் பார்க்க வேண்டியது, எல்லாம் வந்தது. அவள் குரல் வெளியே வரவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேசியிருப்பாள். நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் என் பேச்சும் வந்தது.

"பக்கத்து வீட்டு ஆளு நல்ல மனுஷன்தான்" என்றான். "ஆனா அந்த மீசை வாயை மூடிக்கிட்டு இருக்கறதால, அவன் பேசுனதுல ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சதில்ல. பாவம், மனசு நோகக்கூடாதுன்னு தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை வருஷம் அந்த மனுஷனிடம் நான் கொட்டினது எல்லாம் வீண். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பிறகு கத்தரிக்கோலைத் தேடி எடுத்தேன்.

காலையில் மழை விட்டிருந்தது. கிரஷர் பக்கத்து லைனுக்குச் சாமான் தூக்க நானும் போனேன். முன்னால் தங்கச்சி இடுப்பில் பானையோடு, அடுத்து நெட்டையன் தலையில் பெட்டி, பின்னால் மாப்பிள்ளையும் நானும் கட்டிலின் ஆளுக்கு ஒரு முனை. கட்டிலுக்கு மேலாக அவன் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தான். மேலுதடு வெறிச்சோடிக் கிடந்ததில் எனக்கே கூச்சமாக இருந்தது. லைன் வாசல்களில் ஆட்கள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராட்சசி என்று சொன்னவர்கள்தான். கடைசியில், நெடுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"ஏன் மாப்ளே, இத்தனை வருஷம் தங்கச்சி போடற உப்பை எப்படிய்யா தின்ன?"

என் வாயைப் பார்த்தான். அவன் முகம் விரிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் போய்ச் சேர்ந்துவிட்டது. முன்னால் போகிறவளை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலின் மேல் என் பக்கம் குனிந்தான்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றான், ரகசியமாக.

லைன் முழுக்கக் கேட்டது. தங்கச்சி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, பானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.